ஈஸ்ட் செல் ரைபோசோம் கட்டும் விதம்: புதிதாகப் படிக்க வருவோருக்கு

ரைபோசோம் என்பது செல்லில் புரதங்களைத் தயாரிக்கும் இயந்திரம். அதன் உருவாக்கம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு படம் இருக்கும். இடமிருந்து வலமாக அம்புகள், அவற்றைச் சுற்றி ஏறத்தாழ இருநூறு உதவிப் புரதங்களின் பெயர்கள். புதிதாக வருபவர் முதலில் அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவார். அது வேண்டாத வேலை. ஒரே புரதத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். ரீயா1 என்று ஒருவர் எழுதுவதை இன்னொருவர் எம்டிஎன்1 என்பார். போதாக்குறைக்கு ரியா1 என்று வேறொன்றும் உண்டு. அதன் இன்றைய பெயர் ஈஎஃப்எல்1. இந்தக் குழப்பத்துக்குள் முதல் வாரமே இறங்கினால் பாடம் கசந்துவிடும்.

ஆர்.என்.ஏ.வைப் பின்தொடருங்கள். அது நீள்கிறது, மடிகிறது, வெட்டுப்படுகிறது, இடம் மாறுகிறது. புரதங்கள் அதன் மேல் வந்து ஏறுகின்றன. வேலை முடிந்ததும் இறங்குகின்றன. ஒரு புரதம் எப்போது ஏறுகிறது என்பதைவிட எப்போது, யாரால் இறக்கப்படுகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் தானாகவே விளங்கும்.

முதல் படி: முடிந்த பொருளைப் பாருங்கள்

ஈஸ்டின் முழு ரைபோசோம் 80எஸ். இந்த ‘எஸ்’ மையவிலக்கில் ஒரு துகள் படியும் வேகத்தைக் குறிக்கும் அலகு, எடையை அல்ல. அதனால்தான் 40எஸ், 60எஸ் என்ற இரண்டு துணையலகுகள் சேர்ந்து 100 ஆகாமல் 80 ஆகின்றன. சிறிய துணையலகான 40எஸ்ஸில் 18எஸ் என்ற ஒரே ஆர்.என்.ஏ.வும் 33 புரதங்களும் உள்ளன. பெரிய துணையலகான 60எஸ்ஸில் 25எஸ், 5.8எஸ், 5எஸ் என மூன்று ஆர்.என்.ஏ.க்களும் 46 புரதங்களும் உள்ளன.

நீளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 18எஸ்ஸுக்கு 1,800 நியூக்ளியோடைடுகள், 25எஸ்ஸுக்கு 3,396, 5.8எஸ்ஸுக்கு 158, 5எஸ்ஸுக்கு 121. இவை பின்னால் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது கைகொடுக்கும். ஈஸ்ட் ரைபோசோமின் முழுப் படிக அமைப்பு 2011இல் வெளியானது. அதைத் திரையில் சுழற்றிப் பார்க்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். இரண்டு துணையலகுகளும் ஒட்டும் முகம் எது, புரதம் வெளியேறும் சுரங்கம் எங்கே என்று கண்ணுக்குப் பழகிவிட்டால், பிறகு வரும் பல பெயர்கள் ‘இது அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது’ என்ற அளவில் எளிமையாகிவிடும்.

வேலையின் பருமனையும் உணர வேண்டும். வேகமாக வளரும் ஈஸ்ட் செல் ஒன்றில் சுமார் 2 லட்சம் ரைபோசோம்கள் இருக்கின்றன. செல் ஏறத்தாழ 100 நிமிடத்தில் இரட்டிப்பதால், நிமிடத்துக்கு 2,000 ரைபோசோம்களைக் கட்டியாக வேண்டும். அதற்கு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம் புரதங்கள் தேவை. சைட்டோபிளாசத்தில் தயாராகும் அவற்றில் பெரும்பாலானவை உட்கருவுக்குள் போக வேண்டும். நிமிடத்துக்கு 4,000 துணையலகுகள் வெளியே வர வேண்டும். செல்லின் மொத்தப் படியெடுத்தலில் ஏறத்தாழ 60 சதவீதம் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கே செலவாகிறது. இவ்வளவு செலவு பிடிப்பதால்தான் குளுக்கோஸ் குறைந்தாலோ, டார் என்ற ஊட்டச்சத்து உணரும் சமிக்ஞைப் பாதையை ராபாமைசின் தடுத்தாலோ செல் இந்தத் தயாரிப்பைத்தான் முதலில் குறைக்கிறது. சோதனைக்கு எடுக்கும் ஈஸ்ட் எப்போதும் வேகமாக வளரும் கட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாம் படி: 35எஸ்ஸைக் கையால் வரையுங்கள்

ஈஸ்டின் 12ஆம் குரோமோசோமில் ரைபோசோம் மரபணுத் தொகுதி ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 150 முறை வருகிறது. ஒவ்வொன்றும் 9,100 காரஇணைகள் நீளம். இதிலிருந்து ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 1 ஒரு நீண்ட முன்னோடியைப் படியெடுக்கிறது. 5எஸ் மட்டும் அதே தொகுதிக்குள் இருந்தாலும் எதிர்த் திசையில், பாலிமரேஸ் 3 மூலம் தனியாக உருவாகிறது.

அந்த முன்னோடிதான் 35எஸ். ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, இடமிருந்து வலமாக இந்த வரிசையில் பெட்டிகளை வரையுங்கள்: 5' வெளி இடைப்பகுதி, 18எஸ், முதல் உள் இடைப்பகுதி, 5.8எஸ், இரண்டாம் உள் இடைப்பகுதி, 25எஸ், 3' வெளி இடைப்பகுதி. இடைப்பகுதிகள் எல்லாம் கடைசியில் நீக்கப்படுபவை. இனி வெட்டுமிடங்கள். ஏ0 இடது ஓர இடைப்பகுதிக்குள் இருக்கிறது. ஏ1 18எஸ்ஸின் தொடக்கம். டி அதன் முடிவு. ஏ2, ஏ3 இரண்டும் முதல் உள் இடைப்பகுதியில் உள்ளன. பி1 5.8எஸ்ஸின் தொடக்கம், ஈ அதன் முடிவு. சி2 இரண்டாம் உள் இடைப்பகுதியின் நடுவில். சி1 25எஸ்ஸின் தொடக்கம். இந்தத் தாளை மேசைக்கு முன் ஒட்டிவையுங்கள். இந்தத் துறையில் பல வருடம் இருப்பவர்களும் இதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

பாடநூல் படம் ஒரு தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 35எஸ் முழுதாக உருவான பிறகே வெட்டு தொடங்குவதுபோல அது காட்டும். வேகமாக வளரும் ஈஸ்டில் நடப்பது பெரும்பாலும் வேறு. பாலிமரேஸ் இன்னும் 25எஸ் பகுதியைப் படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஏ2 வெட்டு விழுந்து சிறிய துணையலகின் பகுதி தனியே கழன்றுவிடுகிறது. பெரும்பான்மையான முன்னோடிகள் இப்படித்தான் பிரிகின்றன. ஆகவே 35எஸ் என்ற முழு நீள மூலக்கூறு ஒரு சிறுபான்மைப் பாதையின் அடையாளம். அது திடீரெனப் பெருகினால், தொடக்க வெட்டுகள் தாமதமாகின்றன என்று பொருள்.

மூன்றாம் படி: ஏ2வில் பாதை பிரிகிறது

ஏ2வுக்கு இடப்புறம் இருப்பது 20எஸ். அது 18எஸ் ஆகும். வலப்புறம் இருப்பது 27எஸ்ஏ2, அதிலிருந்து 5.8எஸ்ஸும் 25எஸ்ஸும் வரும். இதற்குப் பிறகு இரண்டு துணையலகுகளும் சைட்டோபிளாசத்தில் சந்திக்கும்வரை தனித்தனி வழியில் போகின்றன. ஒரு புரதம் இல்லாதபோது இவற்றில் எது கெடுகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சிறிய துணையலகின் பக்கம் முதலில். படியெடுக்கும்போதே 5' வெளி இடைப்பகுதியின் மேல் பெரிய புரதக் கூட்டங்கள் ஏறிக்கொள்கின்றன. யு3 என்ற சிறு ஆர்.என்.ஏ அந்த இடைப்பகுதியோடும் 18எஸ்ஸின் சில துண்டுகளோடும் கார இணை சேர்ந்து, 18எஸ் அவசரப்பட்டு மடிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மின் நுண்ணோக்கியில் படியெடுக்கப்படும் இழைகளின் நுனியில் குமிழ்களாகத் தெரிபவை இவைதான். அவற்றின் உள்ளடக்கம் 2002இல்தான் புரதப் பெயர்களாக வெளிவந்தது. ஏ0, ஏ1, ஏ2 வெட்டுகள் இந்தக் கூட்டத்துக்குள் நிகழ்கின்றன. பிறகு டிஎச்ஆர்1 என்ற ஹெலிகேஸ் (ஆர்.என்.ஏ இணைகளை அவிழ்க்கும் நொதி) யு3யைப் பிரித்து எடுக்க, 18எஸ் தன் சரியான மடிப்புக்குப் போகிறது. மேலும் எழுபதுக்கும் அதிகமான சிறு ஆர்.என்.ஏ.க்கள் வழிகாட்ட, ஆர்.என்.ஏ.வில் மெத்தில் சேர்ப்பும் சூடோயூரிடின் மாற்றமும் நடக்கின்றன. தொடக்கத்தில் அந்தப் பட்டியலுக்குள் போக வேண்டாம். இந்த மாற்றங்களில் ஒன்று இல்லாவிட்டாலும் ஈஸ்ட் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். யு3 இல்லாவிட்டால் பிழைக்காது.

பெரிய துணையலகின் பாதை நீளமானது. 27எஸ்ஏ2வை ஆர்.என்.ஏஸ் எம்ஆர்பி என்ற நொதி ஏ3யில் வெட்டுகிறது. அங்கிருந்து ராட்1 போன்ற நொதிகள் பி1வரை கொறித்துக்கொண்டே போகின்றன. சிறுபான்மை முன்னோடிகள் ஏ3யைத் தவிர்த்துச் சற்று முன்னாலேயே வெட்டுப்படுவதால், சில எழுத்துகள் கூடுதலாக உள்ள நீண்ட 5.8எஸ் வடிவமும் செல்லில் இருக்கிறது. பிறகு லாஸ்1 சி2வில் வெட்டுகிறது. வலப்பக்கத் துண்டை ராட்1 சீவி 25எஸ் ஆக்குகிறது. இடப்பக்கத் துண்டு 7எஸ். அதை எக்சோசோம் என்ற நொதித் தொகுதி பின்னாலிருந்து கொறித்துச் சுருக்குகிறது. கடைசிச் சில எழுத்துகள் சைட்டோபிளாசத்தில்தான் நீக்கப்படுகின்றன.

வெட்டு நடக்கும் இதே நேரத்தில் துகளின் வடிவமும் மாறுகிறது. 5எஸ் ஆர்.என்.ஏ தன் இரண்டு புரதங்களோடு ஒரு பொட்டலமாக வந்து பொருந்துகிறது. ஆனால் இறுதி நிலையிலிருந்து ஏறத்தாழ 180 பாகை திரும்பிய நிலையில். பிறகு அது சுழன்று தன் இடத்துக்கு வருகிறது. இந்தக் கட்டத்தில் வேலை செய்வது முன்பு சொன்ன ரீயா1. ஈஸ்டின் மிகப் பெரிய புரதம் இதுதான். 4,910 அமினோ அமிலங்கள். ஏடிபியைச் செலவழித்து, துகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒய்டிஎம்1, ஆர்எஸ்ஏ4 ஆகிய புரதங்களை வெவ்வேறு கட்டங்களில் பிடுங்கி எடுக்கிறது. புரதங்களை இறக்கிவிட இத்தனை பெரிய இயந்திரத்தை வைத்திருக்கிறது செல்.

நான்காம் படி: வெளியேறும் வாசல்

உட்கருத் துளை வழியாகப் போக இரண்டு துணையலகுகளுக்கும் சிஆர்எம்1 என்ற ஏற்றுமதிப் புரதம் வேண்டும். 60எஸ்ஸுக்கு அதைப் பிடித்துக்கொடுப்பது என்எம்டி3. பெரிய துகள் என்பதால் மெக்ஸ்67, ஏஆர்எக்ஸ்1 போன்ற கூடுதல் துணைகளும் உண்டு. ஏற்றுமதி கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் பச்சை ஒளிர்புரதம் ஒட்டிய ஒரு ரைபோசோம் புரதம் போதும். ஆர்பிஎல்25 பழைய, நம்பகமான தேர்வு. இயல்பான செல்லில் சைட்டோபிளாசம் முழுதும் ஒளிரும். தடைபட்டால் உட்கரு பளிச்சென்று தெரியும். பிறை வடிவத்தில் உட்கருவின் ஒரு ஓரமாக ஒளி தெரிந்தால் ரைபோசோம் கட்டுவது தொடங்கும் உட்கருப் பகுதியான நியூக்ளியோலஸிலேயே துகள் தேங்கிவிட்டது என்று பொருள். அது ஏற்றுமதிக் கோளாறு அல்ல, அதற்கும் முந்தைய கோளாறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘ஏற்றுமதி தடைபட்டது’ என்று எழுதிவிடுவது சகஜம்.

ஐந்தாம் படி: சைட்டோபிளாசத்தில் நடக்கும் சோதனை

என்னைக் கேட்டால் முழுப் பாதையிலும் மிக அழகான பகுதி இதுதான். வெளியே வந்த துகள் இன்னும் வேலைக்குத் தயாரில்லை. அதன் முக்கியமான இடங்களில் எல்லாம் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டடம் எழுந்த பிறகு சாரத்தைப் பிரிப்பதுபோல இவர்களை வரிசையாக இறக்க வேண்டும்; வரிசை மாறினால் அடுத்தது நகராது.

60எஸ்ஸில் முதல் நகர்வை டிஆர்ஜி1 செய்கிறது. ஆர்எல்பி24 என்ற புரதத்தை ஏடிபி ஆற்றலால் இழுத்தெடுக்க, அந்த இடத்தில் உண்மையான ரைபோசோம் புரதமான ஆர்பிஎல்24 வந்து அமர்கிறது. டயசபோரின் என்ற மருந்து டிஆர்ஜி1ஐ நேரடியாகத் தடுப்பதால், இந்தப் படியை மட்டும் நிறுத்திப் பார்க்க அது வசதியான கருவி. அடுத்து ரெய்1 என்ற புரதம் வந்து, தன் வாலைப் புரதம் வெளியேறும் சுரங்கத்துக்குள் நுழைக்கிறது. சுரங்கம் சரியாக அமைந்திருக்கிறதா என்பதற்கான சோதனையாக இதைப் பார்க்கிறார்கள். மறுபக்கத்தில் எம்ஆர்டி4 விலகி, ரைபோசோமின் தண்டுப் பகுதி உருவாக இடம்விடுகிறது.

கடைசித் தடை டிஃப்6. இது 60எஸ்ஸின் ஒட்டும் முகத்திலேயே உட்கார்ந்திருப்பதால் 40எஸ் நெருங்க முடியாது. இதை இறக்க ஈஎஃப்எல்1 என்ற ஜிடிபேஸும் (ஜிடிபியைப் பிளக்கும் நொதி) எஸ்டிஓ1 என்ற புரதமும் வேண்டும். ஈஎஃப்எல்1, புரதச் சேர்க்கையின்போது ரைபோசோமை ஒவ்வொரு அடியாக நகர்த்தும் இஎஃப்2 காரணியைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அதாவது, புதிய 60எஸ்ஸை உண்மையான வேலைக்கு அனுப்புமுன் உண்மையான காரணியின் நகலைக் கொண்டு ஒத்திகை பார்க்கிறது செல். எஸ்டிஓ1 இல்லாத ஈஸ்ட் மிக மெதுவாகவே வளரும். டிஃப்6இன் பிடியைத் தளர்த்தும் ஒரு மாற்றத்தை அதில் புகுத்தினால் வளர்ச்சி மீண்டுவிடும். 2007இல் வெளியான இந்த முடிவு, எஸ்டிஓ1இன் மனித வடிவமான எஸ்பிடிஎஸ் மரபணு கெடும்போது வரும் ஷ்வாக்மன்–டயமண்ட் நோயை ரைபோசோமின் இந்த ஒற்றைப் படியோடு இணைத்தது. எலும்பு மஜ்ஜையும் கணையமும் பாதிக்கப்படும் நோய் அது.

40எஸ்ஸின் பக்கத்தில் 20எஸ் ஆர்.என்.ஏ அப்படியேதான் வெளியே வருகிறது. அதன் கடைசி வெட்டு சைட்டோபிளாசத்தில் நடக்கிறது என்பது 1973இலேயே தெரிந்துவிட்டது. வெட்டுபவர் நோப்1 என்று தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. எச்ஆர்ஆர்25 என்ற கைனேஸ் எல்டிவி1ஐப் பாஸ்ஃபேட் ஏற்றி விலக்குகிறது. பிறகு முதிராத 40எஸ், முதிர்ந்த 60எஸ் ஒன்றோடு சேர்ந்து 80எஸ் போன்ற ஒரு துகளாகிறது. தூது ஆர்.என்.ஏ இல்லை, புரதம் எதுவும் உருவாவதில்லை; இதுவும் ஒத்திகைதான். இதை மறக்காதீர்கள், அடுத்த படியில் வேண்டும்.

ஆறாம் படி: இனி முடிவுகளைப் படிக்கலாம்

ஆய்வகத்தில் முதலில் கையில் தரப்படுவது பெரும்பாலும் பாலிசோம் வரைபடம். செல்களில் சைக்ளோஹெக்சிமைடு சேர்த்து ரைபோசோம்களை தூது ஆர்.என்.ஏ.வின் மேல் உறையவைத்து, பனிக்கட்டியின் குளிரிலேயே செல்களை உடைத்து, 10 முதல் 50 சதவீத சுக்ரோஸ் அடர்த்திச் சரிவின் மேல் ஊற்றி அதிவேக மையவிலக்கில் சுழற்றுவார்கள். பிறகு மேலிருந்து கீழாகப் புற ஊதா ஒளி உறிஞ்சலை அளந்தால் 40எஸ், 60எஸ், 80எஸ் என மூன்று முகடுகள் வரும். அவற்றைத் தொடர்ந்து ஒரே தூது ஆர்.என்.ஏ.வில் இரண்டு, மூன்று, நான்கு ரைபோசோம்கள் ஏறிய பாலிசோம் முகடுகள்.

60எஸ் போதாத செல்லில் தனி 60எஸ் முகடு தாழும், 40எஸ் முகடு உயரும். அதோடு 80எஸ்ஸிலும் ஒவ்வொரு பாலிசோம் முகட்டிலும் வலப்பக்கச் சரிவில் ஒரு சிறு தோள் புடைத்திருக்கும். தொடக்கக் குறியீட்டில் 60எஸ் வருவதற்காகக் காத்து நிற்கும் 40எஸ்தான் அந்தத் தோள். அரை ரைபோசோம் கூடுதலாக ஏறிய பாலிசோம். இதைப் பார்த்தவுடன் ‘60எஸ் பற்றாக்குறை, அல்லது இருக்கும் 60எஸ் சேர முடியவில்லை’ என்று சொல்லிவிடலாம். 40எஸ் போதாத செல்லில் கதை தலைகீழ்: தனி 60எஸ் முகடு கோபுரமாக எழும்பும், தோள் இருக்காது.

எது குறைவு என்பதில் சந்தேகம் வந்தால் மெக்னீசியம் இல்லாமல் ஒரு சரிவு ஓட்டுங்கள். எல்லாத் துணையலகுகளும் பிரிந்து இரண்டே முகடுகள் வரும். ஒளியை உறிஞ்சுவது பெரும்பாலும் ஆர்.என்.ஏ என்பதால் முதல் படியில் குறித்த நீளங்களை இப்போது எடுங்கள்: 60எஸ்ஸில் 3,396, 158, 121 சேர்ந்து 3,675, 40எஸ்ஸில் 1,800. ஆகவே இயல்பான செல்லில் 60எஸ் முகட்டின் பரப்பு மற்றதைப்போல இரண்டு மடங்குக்கு ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றரைக்கு இறங்கியிருந்தால் பெரிய துணையலகில் கோளாறு. எந்த மென்பொருளும் இல்லாமல் கையால் போடக்கூடிய கணக்கு இது. தொடக்கத்தில் இதையே அதிகம் நம்புங்கள்.

ஒரு பொறி உண்டு. 80எஸ் முகடு நன்றாக இருப்பதால் எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நோப்1 குறைந்த செல்லில் அந்த முகட்டுக்குள் ஒத்திகைத் துகள்கள் தேங்கியிருக்கும். அந்தப் பகுதியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தால் 18எஸ்ஸோடு 20எஸ்ஸும் கிடைக்கும். முகடு அளவைத்தான் சொல்லும். உள்ளே இருப்பது முதிர்ந்ததா என்று சொல்லாது.

அதைச் சொல்வது நார்தர்ன் பிளாட். ஆர்.என்.ஏ.க்களைக் கூழில் நீளவாரியாகப் பிரித்து, குறிப்பிட்ட பகுதியோடு மட்டும் ஒட்டும் துருவியால் அடையாளம் காணும் முறை அது. இங்கேதான் மேசைக்கு முன் ஒட்டிய தாள் வேலை செய்யும். டிக்கும் ஏ2வுக்கும் இடையில் ஒட்டும் துருவி 20எஸ்ஸைக் காட்டும். ஏ2வுக்கும் ஏ3க்கும் இடையில் ஒட்டுவது 27எஸ்ஏ2வைக் காட்டும், ஆனால் அதற்குப் பிந்தைய, பி1வரை கொறிக்கப்பட்ட வடிவமான 27எஸ்பியைக் காட்டாது. ஈக்கும் சி2வுக்கும் இடையில் ஒட்டுவது 27எஸ் வகைகளையும் 7எஸ்ஸையும் காட்டும். நீண்ட ஆர்.என்.ஏ.க்களுக்கு அகரோஸ் கூழ், 7எஸ் முதல் கீழே உள்ளவற்றுக்கு யூரியா சேர்த்த பாலிஅக்ரிலமைடு கூழ். இரண்டையும் ஒரே கூழில் பார்க்க முயன்றால் இரண்டுமே கெடும்.

ஒரு முடிவைப் படித்துப் பார்ப்போம். ஒரு புரதத்தைக் குறைத்த செல்லில் 20எஸ் மறைந்திருக்கிறது, 27எஸ்ஏ2வும் இல்லை, 35எஸ் கூடியிருக்கிறது, 35எஸ்ஸுக்கும் 20எஸ் இருக்க வேண்டிய இடத்துக்கும் நடுவில் புதிய பட்டை ஒன்று. அந்தப் பட்டை முதல் துருவியிலும் தெரிகிறது, இரண்டாம் துருவியிலும் தெரிகிறது, மூன்றாவதில் தெரியவில்லை. எனில் அது ஏ2வைத் தாண்டி ஏ3யில் முடியும் ஆர்.என்.ஏ. இடது முனை வெட்டப்படாமல் இருந்தால் அதன் பெயர் 23எஸ். ஏ0, ஏ1, ஏ2 மூன்றும் நடக்காமல் ஏ3 மட்டும் நடந்திருக்கிறது. 18எஸ் கிடைக்காது, ஆனால் 25எஸ் ஏ3 வழியாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் புரதம் சிறிய துணையலகின் தொடக்கக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

ஏழாம் படி: நேர் விளைவா, பக்க விளைவா

இன்றியமையாத புரதங்களை முழுதாக நீக்க முடியாது. ஆகவே மரபணுவின் முன் காலக்டோஸால் இயங்கும் தொடக்கியை வைத்து, செல்களைக் குளுக்கோஸுக்கு மாற்றி உற்பத்தியை நிறுத்துவது வழக்கம். ஏற்கெனவே இருக்கும் புரதம் கரைய பல மணி நேரம் ஆகும். அதற்குள் செல் மெலிந்து, புதிய ஆர்.என்.ஏ படியெடுத்தலே குறைந்துவிடும். கடைசி நேரப் புள்ளியில் எல்லாமே கெட்டிருப்பதைக் கண்டு ‘இந்தப் புரதம் எல்லாவற்றுக்கும் தேவை’ என்று எழுதிவிடத் தோன்றும். முதன்முதலில் மாறிய பட்டை எது என்று தேடுங்கள். விடை அங்கேதான் இருக்கும். ஆக்சின் என்ற தாவர ஹார்மோனைச் சேர்த்துப் புரதத்தையே சிதைக்கும் முறையில் சில பத்து நிமிடங்களில் முடிவு தெரிவதால், முடிந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

35எஸ் சற்றுக் கூடியிருப்பதைக் கண்டு அதிகம் மகிழ வேண்டாம். பெரிய துணையலகின் பிந்தைய கட்டங்களில் கோளாறு வந்தாலும், உதவிப் புரதங்கள் தேங்கிய துகள்களில் சிக்கிக்கொண்டு தொடக்கத்துக்குத் திரும்பி வராததால், முதல் வெட்டுகள் தாமதமாகும். அது தூரத்து நெரிசலின் எதிரொலி மட்டுமே.

குளிரில் மட்டும் வளராத திரிபுகள் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாழ்ந்த வெப்பநிலையில் தவறாக மடிந்த ஆர்.என்.ஏ எளிதில் அவிழாது என்பதால் ரைபோசோம் கட்டுவதில் உள்ள குறைகள், குறிப்பாக ஹெலிகேஸ் குறைகள், அங்கேதான் வெளிப்படும். தட்டுகளை 30 பாகையோடு 16 பாகையிலும் 37 பாகையிலும் வைத்து, 16 பாகைத் தட்டுக்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுங்கள்.

ரைபோசோம் புரதத்தையே நீக்கிப் பார்ப்பதாக இருந்தால், தொடங்குமுன் அதன் மரபணு எத்தனை என்று பாருங்கள். ஈஸ்டில் 59 ரைபோசோம் புரதங்களுக்கு மரபணு இரண்டு நகல் உண்டு. ஒன்றை நீக்கி எதுவும் நடக்கவில்லை என்றால் மற்றது ஈடுகட்டியிருக்கலாம். இரண்டு நகல்களின் பங்கும் சமமாக இருப்பதில்லை. எதை நீக்கினீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். இரண்டையும் தனித்தனியே நீக்கி, இயல்பான செல்லையும் சேர்த்து ஒரே நாளில், ஒரே மையவிலக்கு ஓட்டத்தில் ஓட்டுங்கள். வெவ்வேறு நாட்களில் ஊற்றிய சுக்ரோஸ் சரிவுகளின் முகடுகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டாம்.